துத்தம் போடாத பசை

"மேஜர் என்ன?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்கிறார் போல என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஊரில் மேஜர் என்றால் அதுதான். கலியாணப் பேச்சிலும் போலீஸ் ஸ்டேஷன் பேச்சிலும்தான் அந்த வார்த்தை காதில் விழுந்திருக்கிறது.

"இன்னும் மேஜர் ஆகலை அண்ணாச்சி. பதினேழு முடிஞ்சு ரெண்டு மாசந்தான் ஆகுது" என்றேன்.

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்குப் பின்னால் மகனோடு நின்ற ஒருவர் குனிந்து, "வயசைக் கேக்கலம்மா. எந்தப் பாடம் எடுத்துப் படிக்கப் போகுதுன்னு கேக்காவ" என்றார்.

கோவில்பட்டியில் ஒரு கல்லூரி அலுவலகம். ஆனி மாதத்து வெயில். தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். அன்றுவரை நான் தனியாகக் கடைக்குப் போய்ச் சேலை வாங்கியவள்கூட இல்லை. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் எனக்குக் கால் எது, கை எது என்று தெரியாது. காது மடல் சுட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை எங்கம்மா? அதைப் பேசச் சொல்லுங்க."

"பிள்ளைக்கு அம்மை கண்டிருக்கு."

அவர் நாற்காலியைச் சர்ரென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வரிசையும் என்னைவிட்டு இரண்டடி விலகியது. என் மஞ்சள் பையிலிருந்து வேப்பிலை வாடை அடித்துக்கொண்டிருந்ததற்கு அப்போதுதான் அவர்களுக்குக் காரணம் தெரிந்தது.

"சரி சரி, பாடத்தைச் சொல்லிட்டுக் கிளம்புங்க."

சுவரில் ஒரு பலகை. மேலிருந்து கீழே பாடங்களின் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு என்னுடையது. எழுத்துக் கூட்டினால் வாசித்துவிடுவேன். கடைசி வரிக்கு முந்தின வரியில் என் கண் நின்றது.

"விலங்கியல்" என்றேன்.

"சுவாலஜியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பொறவு மாத்திக் குடுன்னு வந்து நிக்கக் கூடாது."

"வர மாட்டேன் அண்ணாச்சி."

அவர் எழுதினார். என் மகள் சண்முகக்கனியின் வாழ்க்கை அந்த ஒரு வரியில் திரும்பிவிட்டது.

வேப்பிலைப் படுக்கை

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

கல்லூரியிலிருந்து கார்டு வந்த வாரம் எங்கள் வீட்டில் கனிக்கும் அவள் அப்பாவுக்கும் ஒன்றாக அம்மை போட்டது. முன்னறையில் அவர், உள்ளறையில் அவள். இரண்டு பேரும் வேப்பிலையில் படுத்திருந்தார்கள். வாசலில் வேப்பங்குலை செருகியாயிற்று. தாளிப்புக் கிடையாது, தலைவாரல் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்தம் கிடையாது. ஆத்தா வீட்டுக்குள் இறங்கியிருக்கும்போது யாரும் கோபப்படக் கூடாது, கடுஞ்சொல் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டு மனிதர் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துக் காட்டில் ஆடு மிரளும். அவர் அந்த நாட்களில் கோவில் பூசாரி மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

கார்டில் போட்டிருந்த நாளில் போகாவிட்டால் சீட்டு இல்லை. வீட்டில் நடமாடுகிற ஆள் நான் ஒருத்தி. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளக் கயத்தாறிலிருந்து கோமதி மதினி வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரருடைய அக்கா. சின்ன வயதிலேயே அம்மை வந்து போன உடம்பு என்பதால் பயமில்லாமல் வந்தார்கள்.

என்ன படிப்பு என்பது முன்னாலேயே முடிவாகியிருந்தது. கணக்கு. கணக்குப் படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, கோமதி மதினியின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு, கயத்தாறிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்க வேண்டும். மதினிக்குக் கணக்கு டீச்சர் மருமகள் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை.

கனியிடம் கேட்டார்கள். அவளும் "கணக்கே படிக்கேன்" என்றாள். நெல்லா கம்பா என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள்.

நான் கிளம்பும்போது இவர் மெதுவாகக் கூப்பிட்டார். "கணக்குன்னு சொல்லு. மறந்துராத. கணக்கு."

மதினியும் வாசல்வரை வந்தார்கள். "இவ பஸ்ஸுல ஏறுறதுக்குள்ள மறந்துருவா தம்பி. கையில எழுதி விடு."

எழுதவில்லை. அவருடைய விரலெல்லாம் கொப்புளம்.

அடிப்பெட்டி, மேல்பெட்டி

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன். கனி எட்டாவது, ஒன்பதாவது படித்த காலம்.

எங்களுக்குக் கரிசல் காடு கொஞ்சம் உண்டு. மழை பெய்தால் பருத்தி. மழை பொய்த்தால் ஒன்றுமில்லை. அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வீட்டில் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுவோம். குச்சி கிடக்கிற தட்டுக்கு அடிப்பெட்டி என்று பெயர். அதை மூடுகிற கூட்டுக்கு மேல்பெட்டி. மைதா மாவைக் காய்ச்சி, அதில் மயில்துத்தம் கரைத்து ஊற்றினால் பசை. துத்தம் நீல நிறத்தில் கற்கண்டு மாதிரி இருக்கும், விஷம். அதைப் போடாவிட்டால் பெட்டியைப் பூச்சி அரித்துவிடும். ஒட்டிக் காயவைத்துச் சாக்கில் போட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வது.

அந்த வருஷம் பருத்தியில் காய்ப்புழு விழுந்தது. எத்தனை தடவை மருந்தடித்தாலும் சாகவில்லை. இவர் டப்பாவை மாற்றி மாற்றி வாங்கி வந்தார். புழு மருந்தைக் குடித்துக் கொழுத்தது போலத்தான் தெரிந்தது.

கனி அந்தப் புழுக்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து தீப்பெட்டிக்குள் வளர்த்தாள். முதலில் ஒரு பெட்டியில் இரண்டிரண்டு போட்டாள். மறுநாள் பார்த்தால் ஒன்றுதான் இருக்கும்.

"ஒண்ணை ஒண்ணு தின்னுருதும்மா. தனித்தனியா வைக்கணும்" என்றாள்.

அடுத்த நாள் தனித்தனியாக வைத்தவையும் செத்துக் கிடந்தன. பெட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு என் பசைச் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, பசையில துத்தம் இருக்குல்லா? பெட்டியை அரிச்சுத் திங்கும்போது அதுவும் உள்ள போயிருதுபோல. துத்தம் போடாம எனக்குக் கொஞ்சம் காய்ச்சித் தாரியா?"

தனியாகக் காய்ச்சி ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் பெட்டிகளை அந்தப் பசையில்தான் ஒட்டினேன். புழுக்கள் பிழைத்தன. உள்ளே ஒரு சிட்டிகை கரிசல் மண் போட்டு வைத்தாள். மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாயின. கோணல் எழுத்தில் ஒவ்வொரு பெட்டியின் மேலும் கிழமை எழுதியிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முகம்கூடக் கழுவ மாட்டாள். நேரே பெட்டிகளிடம் போவாள்.

நானும் பார்ப்பேன். அவள் இல்லாத நேரத்தில் ஒரு பெட்டியை மெல்லத் திறந்து பார்ப்பேன். பழுப்பு நிறத்தில் பேரீச்சங்கொட்டை மாதிரி கிடக்கும். தொட்டால் வாலை ஆட்டும். எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒருநாள் சாக்குக் கட்டும்போது அவள் பெட்டிகளில் பாதி, தீப்பெட்டி ஆபீஸ் சாக்கோடு போய்விட்டன. கட்டியது நான்தான்.

அங்கே குச்சி அடைக்கிற ஒரு பெண் பெட்டியைத் திறந்திருக்கிறாள். ஏதோ நெளிந்திருக்கிறது. "ஏ ஆத்தா, பூச்சி!" என்று கத்தியிருக்கிறாள். எங்கள் பக்கம் பாம்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பூச்சி என்றுதான் சொல்வார்கள். அவ்வளவுதான். ஆபீஸே காலியாகிவிட்டது. வெளியில் நின்று அரை நாள் பாம்பைத் தேடியிருக்கிறார்கள். கடைசியில் கூரையிலிருந்த ஒரு அந்துப்பூச்சியைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது.

சாயந்தரம் ஆபீஸ் கணக்கப்பிள்ளை சைக்கிளில் வந்து வாசலில் நின்று கத்தினார். "இது பெட்டி ஒட்டுற வீடா, புழு வளக்குற வீடா? இனிமே இந்த வீட்டுக்குப் பெட்டி ஒட்ட அட்டை வராது."

அவர் போன பிறகு இவர் என்னைப் பார்த்தார். "எல்லாத்தையும் அடுப்புல போடு."

போட்டேன். ஒவ்வொன்றாக என் கையால்தான் போட்டேன். மண் இருந்ததால் சில பெட்டிகள் சட்டென்று பிடிக்காமல் புகைந்தன.

கனி பக்கத்தில் நின்றாள். அழவில்லை. ஒரு பெட்டி உள்ளே போகும்போது மட்டும், "அது வெள்ளிக்கிழமைப் பெட்டி. நாளைக்குப் பறந்திருக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எந்தப் புழுவையும் தொடவில்லை. பருத்தி எடுக்க வந்தாலும் காயைத் திருப்பிப் பார்க்க மாட்டாள். நன்றாகத்தான் படித்தாள். எல்லாப் பாடத்திலும் ஒரே மாதிரி மார்க். என்ன படிக்கிறாய் என்று கேட்டால் நீங்கள் சொல்கிறதைப் படிக்கிறேன் என்பாள். நல்ல பிள்ளை என்றார்கள். எனக்கு அந்தப் புகை வாடை மட்டும் மூக்கைவிட்டுப் போகவே இல்லை.

மெதுவாகக் கிடைத்த வசவு

டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினேன். கால் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"கிடைச்சுட்டா?" என்றார் இவர்.

"கிடைச்சுட்டு."

"கணக்குத்தானே?"

ரசீதை நீட்டினேன். அவருக்குக் கண் இமையிலும் கொப்புளம். மதினி வாங்கி வாசித்தார்கள்.

"வி… லங்… இது என்னட்டி இது?"

"போர்டுல கணக்குன்னு இல்ல மதினி. என்னமோ வேற மாதிரி போட்டிருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாவளா, எனக்கு வாய் குழறிட்டு."

இவர் எழுந்து உட்கார்ந்தார். முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். வாசலில் வேப்பங்குலை ஆடியது. வாயை மூடிக்கொண்டார். பிறகு, பால் காய்ச்சுகிற சத்தத்தில், "உன்னை அனுப்புனது என் புத்தியை… ஆத்தா, நீயே பாத்துக்கோ" என்றார்.

மதினியாலும் கத்த முடியவில்லை. என் பக்கத்தில் வந்து, காதோடு காதாக, சிரித்த முகத்தோடு திட்டினார்கள். "விலங்காட்டி? நாங்க தாலி கட்டலாம்னு இருந்தோம், நீ போயி பிள்ளைக்கு விலங்கு மாட்டிட்டு வந்திருக்கியே. ஆட்டையும் மாட்டையும் படிச்சவளைக் கட்டி என் மகன் தொழுவத்துலயா குடும்பம் நடத்துவான்?" தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு எனக்கு ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி இருந்திருக்கும்.

கனி உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் வேப்பிலையால் தடவிக் கொடுத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சொறியக் கூடாது என்பதற்காகக் கையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"கணக்குன்னு சொல்லத் தெரியலையாம்மா உனக்கு?" என்றாள்.

நான் வேப்பிலையை எடுத்து மறுபடி தடவிக் கொடுத்தேன்.

அம்மை இறங்கி, மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வேப்பங்குலையை எடுத்த அன்று இவர் ஆசை தீரக் கத்தினார். மறுநாளே கல்லூரிக்கும் போனார். கணக்கில் சீட்டு முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "இதைப் படி, இல்லாட்டி வீட்டுல கிட" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார்.

மதினி வீட்டுச் சம்பந்தம் அதோடு நின்றது.

ஒரு வருஷம்

முதல் வருஷம் கனி என்னோடு சரியாகப் பேசவில்லை. தவளையை அறுத்துப் பார்க்கச் சொன்ன அன்று வந்து, சோற்றைத் தொடாமல் படுத்தாள். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. அவளுக்கு அது தெரியாது.

பிறகு கரப்பான் பூச்சி கொண்டுவரச் சொன்னார்கள். பலசரக்குக் கடையில் போய் எனக்காக உப்பு கேட்கவே கூச்சப்படுவேன். அவளுக்காகப் போய், "அண்ணாச்சி, கரப்பான் இருக்கா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் கொதித்துப் போனார். "என் கடையிலயா? யாரு சொன்னா? இங்கன ஒரு கரப்பானைக் காட்டுங்க பாப்போம்!"

"இல்ல அண்ணாச்சி, பிள்ளை படிப்புக்கு…"

அவர் தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு வெல்ல மூட்டைக்குப் பின்னால் போய், ஒரு டப்பா நிறையப் பிடித்துக் கொடுத்தார். "வெளிய சொல்லிறாதீக" என்றார்.

அந்த டப்பாவைக் கொடுத்தபோது கனி வெகு நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். அப்போது வேறொரு ஆபீசுக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். காட்டிலிருந்து வந்த கனி கையை முறத்தில் உதறினாள். இரண்டு பருத்திக் காய்கள் விழுந்தன. காயில் ஓட்டை. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா."

"என்னட்டி?"

"துத்தம் போடாம கொஞ்சம் காய்ச்சித் தாரியா?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புகை கண்ணில் பட்ட மாதிரி முகத்தைத் துடைத்தேன்.

கைதட்டல்

பிறகு நடந்ததை விரிக்கவில்லை. எனக்கு அதில் பாதி புரியாது. திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி மேல்படிப்பு. அப்புறம் எத்தனையோ வருஷம் ஆராய்ச்சி. மருந்தடித்தும் காய்ப்புழு ஏன் சாகவில்லை என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதை எங்கள் காட்டிலிருந்துதான் தொடங்கினாள். புழுப் பொறுக்க இவரையே கூட்டிக்கொண்டு போனாள். அடுப்பில் போடு என்று சொன்ன மனிதர் பருத்திச் செடிகளுக்கு நடுவில் குனிந்து, "ஏட்டி, இங்கன ஒண்ணு கொழுத்தது கிடக்கு, வா" என்று ஊர் கேட்கக் கூப்பிடுவார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் கழித்து ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. இப்போது விலங்கியல் பேராசிரியை. அவளைக் கட்டியவர் ஒரு கணக்கு வாத்தியார். கடைசியில் எப்படியோ கணக்கு வீட்டுக்கு வந்துவிட்டது என்று கோமதி மதினி சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் வேலையில் சேர்ந்த வருஷம் ஒரு சின்ன விழா நடத்தினார்கள். என்னை முன் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கனி பேசினாள்.

"நான் விலங்கியல் படிச்சதுக்குக் காரணம் எங்க அம்மாவோட ஞாபக மறதி. கணக்குன்னு சொல்லச் சொல்லி அனுப்புனாங்க. அம்மா அஞ்சாவதுதான் படிச்சவங்க. அந்த வார்த்தை மறந்துபோச்சு. சுவத்துல இருந்த ஏதோ ஒண்ணை வாசிச்சுச் சொல்லிட்டாங்க. அந்த மறதிக்கு நன்றி."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தலையைக் குனிந்தபடி சிரித்தேன். அவள் அன்போடுதான் சொன்னாள். வகுப்பு தொடங்குகிற ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்வாளாம்.

எழுதாமல் விட்டது

அந்த வரிசைக்குத் திரும்பிப் போகிறேன். முதலில் சொன்னபோது ஒன்றை விட்டுவிட்டேன்.

என் முறை வருவதற்கு முன்னால் வெகு நேரம் நின்றேன். எனக்கு முன்னால் சர்டிபிகேட் பையோடு ஒரு பெண் நின்றது. நான் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் அதன் தோளைத் தொட்டுக் கேட்டேன்.

"அந்தப் போர்டுல விலங்கியல்னு போட்டிருக்கே தாயி, அதுல ஆடு மாடு மட்டுந்தானா? புழு பூச்சியும் வருமா?"

"புழுவுல இருந்துதாம்மா ஆரம்பிக்கும்" என்றது அந்தப் பெண்.

அதற்குப் பிறகு இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். வேர்த்துக் கொட்டியது. பொறுப்பில்லாத வேலை என்று தெரியும். அவள் வாழ்க்கை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் கணக்கு என்றுதான் சொல்லியிருப்பாள். அந்த வெள்ளிக்கிழமைப் பெட்டியை அடுப்பில் போட்ட நாளிலிருந்து அவளுக்கு எதுவானாலும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். போட்ட கை என்னுடையது. வேப்பங்குலை வாசலில் இருக்கும்வரை வீட்டில் யாரும் என்னைச் சத்தம் போட முடியாது என்பதையும் யோசித்தேன். அதையும் மறைக்கவில்லை.

மேஜர் விஷயத்தில் வாய்தவறியது நிஜம். எல்லாரும் சிரித்தது நிஜம். ஒன்றும் தெரியாதவள் என்று அத்தனை பேரும் முடிவு பண்ணின பிறகு எனக்கு ஒரு தைரியம் வந்தது. தெரியாதவள் என்ன சொன்னாலும் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கணக்கு என்கிற வார்த்தையா ஒரு மனுஷிக்கு மறந்துபோகும்? ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் முதலில் போடுவதே அதுதானே. போர்டில் கணிதம் என்று எழுதியிருந்தாலும் இரண்டும் ஒன்று என்பது ஐந்தாவது முடித்தவளுக்குத் தெரியும். எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணிதத்தில்தான் மார்க் அதிகம்.

பத்திரிகையில் வரும் இந்தத் தொடரின் மற்ற அத்தியாயங்களை நோட்டில் எழுதிக் கனியிடம் கொடுப்பேன். அவள்தான் பிழை பார்த்து அனுப்புவாள். இதை மட்டும் அவளிடம் காட்டவில்லை. நானே உறையில் போட்டு, நாக்கில் தடவினால் ஒட்டவில்லை என்று கொஞ்சம் மைதா காய்ச்சி ஒட்டினேன். துத்தம் போடவில்லை. தபால் பெட்டிவரை நானே நடந்து போனேன்.

அதனால் எழுத்துப்பிழை இருக்கும். பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். அன்று நான் செய்தது சரியா தப்பா என்பதைக் கனி அச்சில் வாசித்துவிட்டுச் சொல்லட்டும். எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் மறதி இல்லை அது.